ஒன்பதாம் பத்தியில் ஒரு பாட்டு

ரசிகர் குழு ஒன்றிலிருந்து நாற்பது பேரை என் கையால் வெளியேற்றியிருக்கிறேன். நாற்பத்தொன்றாவதாக வெளியேற்றப்பட்டவன் நான். முதல் நாற்பது பேருக்கும் காரணம், நாள், நேரம் எல்லாம் அன்றன்றே எழுதி வைத்தேன். நாற்பத்தொன்றுக்கு மட்டும் இப்போதுதான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது ஓர் இசையமைப்பாளருக்கான இணையக் குழு. அவர் யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். எப்படிச் சண்டை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். எனக்கு வீடு ஆரணியில், எழுத்தர் வேலை போளூரில். போக வரப் பேருந்தில் கிடைக்கும் நேரத்தில் பழைய பத்திரிகைகளையும் பேட்டிகளையும் துருவி, எந்தப் பாட்டு எந்த நாளில் பதிவானது என்று குறித்துக்கொள்வேன். குழுவில் எனக்குக் ‘காலண்டர் சார்’ என்று பெயர். (கேலிதான். அப்போது அது எனக்குப் பட்டமாகத் தெரிந்தது.)

குழுவுக்கு இரண்டு விதிகள். இரண்டையும் எழுதியவன் நான். முதலாவது, வெளியாகும் முன்பே கசிந்த பாட்டை யாரும் பகிரக் கூடாது. இரண்டாவது, சொந்தப் பாட்டை யாரும் இங்கே கடை விரிக்கக் கூடாது. இரண்டாவது விதிக்குத்தான் நிறைய பேர் பலியானார்கள். இசையமைப்பாளரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்போல் தொடங்கி, “நாமளும் சின்னதா ஒண்ணு பண்ணியிருக்கோம் அண்ணா” என்று ஒரு லிங்க்கோடு முடிப்பார்கள். கலசப்பாக்கத்துக்காரர் ஒருவரைப் பிறந்தநாள் அன்றே, காலை ஆறு பத்துக்கு வெளியேற்றினேன். அவர் பாட்டைக் கேட்டேனா? கேட்கவில்லை. விதியில் கேட்கச் சொல்லி இல்லை.

முதல் விதிக்காக ஒரு நீண்ட விளக்கமே எழுதியிருந்தேன். கசிந்த பாட்டைக் கேட்பது, தறியில் இருக்கும் புடவையைப் பாதியில் அறுத்துக்கொண்டு போவதற்குச் சமம் என்று அதில் ஒரு வரி. எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் ஊரில் அது வெறும் உவமை இல்லை. என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி தேவராஜ் வீட்டில் நான்கு தறிகள். புது டிசைன் ஏறியிருந்தால், நெய்த பாகத்தின்மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்து மூடிவிடுவார்கள். முதல் புடவை கடைக்குப் போய்ச் சேரும்வரை பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பார்க்க முடியாது. ஒரு படம் வெளியே போனால் போதும், அடுத்த வாரம் அதே பார்டர் வேறு தறியில் ஓடும்.

அந்த வருடம் தேவராஜ் ஒரு பார்டர் போட்டிருந்தான். வேறு எங்கும் இல்லாததாக இருந்தால், தீபாவளிக்கு நான்கு தறிப் புடவையையும் தானே எடுத்துக்கொள்வதாகக் காஞ்சிபுரத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். டிசைனுக்கே ஆறு மாதம் உட்கார்ந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

எனக்கு அதே மாதத்தில் ஒரு பாட்டு வந்தது. தேவாலயப் பாடல் குழுவில் பதினைந்து வருடம் கீபோர்டு வாசித்தவனுக்கு ஒரு பாட்டாவது வரக் கூடாதா? ‘எட்டு மணித் தூறல்’ என்று தலைப்பு வைத்தேன். (முதல் வரி தோன்றியபோது மணி எட்டு. தூறிக்கொண்டும் இருந்தது. நான் எதையும் மிகைப்படுத்துவதில்லை.) தாளத்துக்கு மத்தளம் வேண்டாம், தறிச் சத்தமே போதும் என்று தோன்றியது. அந்த யோசனையை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை தேவராஜ் வீட்டுக்குப் போனேன். அவன் காஞ்சிபுரம் போயிருந்தான். அவன் மனைவி செல்வி தறியில் உட்கார்ந்து எனக்காக ஒரே சீராக நெய்தாள். சத்தத்தைப் பதிவு செய்த பிறகு, பாட்டுக்குக் காட்சியும் வேண்டுமே என்று முக்காலிமேல் போனை நிறுத்தினேன். நடுவில் அந்த வேட்டி. சாயம் பட்டு, ஓரம் கிழிந்து, என் தூறலுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் கிடந்தது.

எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“வேணாண்ணே. அவரு பாத்தா பேஜாராயிடும்.”

“யாரும்மா பாக்கப் போறாங்க?” என்றேன்.

என் பாட்டைப் பற்றி நான் செய்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான். அதுவும் தவறாகப் போனது.

வேட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மூன்று நிமிடம் நாற்பது விநாடி, நல்ல வெளிச்சத்தில், துளி ஆட்டமில்லாமல், பார்டர் முழுக்கத் தெரியும்படி எடுத்தேன். ஒழுங்காகச் செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

இரவோடு இரவாக நானே பாடிச் சேர்த்து, மூலையில் தலைப்பும் போட்டு இணையத்தில் ஏற்றினேன். அடுத்தது விதி. நான் எழுதியதையே மூன்று முறை படித்தேன். சொந்தப் பாட்டை விளம்பரப்படுத்தக் கூடாது என்றுதான் இருந்தது. ஆய்வுக்கட்டுரையில் மேற்கோள் காட்டக் கூடாது என்று இல்லை. உடனே ஓர் ஆய்வு செய்தேன். வாத்தியம் அல்லாத ஓசைகளை எங்கள் இசையமைப்பாளர் எப்படித் தாளமாக்கினார் என்று கால வரிசைப்படி பதினொரு பத்திகள். ஒன்பதாம் பத்தியில், ‘இதே வழியில் ஆரணியிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத ஒரு பாடல்’ என்று ஒரு லிங்க். பாடியவர் பெயர் போடவில்லை. அடக்கம்தான். சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு அதைப் பதிவிட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

அன்று அதிகாலையிலேயே எங்கள் இசையமைப்பாளரின் அடுத்த படத்துப் பாட்டு ஒன்று கசிந்திருந்தது எனக்குத் தெரியாது. குழு முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தது. விதிக்குப் பயந்து யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. “உடம்பு சரியில்லை, மருந்து யாரிடமாவது இருக்கிறதா” என்று சங்கேதத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அட்மினே ‘இதுவரை யாரும் கேட்டிராத பாடல்’ என்று ஒன்பதாம் பத்தியில் ஒளித்து வைத்தால் என்ன நினைப்பார்கள்? காலண்டர் சார் மனசு இளகிவிட்டார், மருந்து வந்துவிட்டது என்று நினைத்தார்கள். பல் துலக்கிவிட்டு வருவதற்குள், என் ஆயுளில் எனக்குக் கிடைக்கவே முடியாத கூட்டம் அந்த லிங்க்குக்குள் புகுந்திருந்தது.

முதலில் கசியவிட்டவன் என்று திட்டினார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது, திட்டிக்கொண்டே கேட்டார்கள். பிறகு என் குரல் வந்தது. “இது அவர் இல்லை”, “யார் இந்தச் சளி பிடித்தவர்?”, “தறி சுருதியில் இருக்கிறது, பாடகர்தான் இல்லை” என்று வரிசையாக வந்தது. ஒருவர் என் பழைய கீபோர்டுப் படத்தைத் தோண்டி எடுத்துப் போட்டு உண்மையை உடைத்தார். கசிந்த பாட்டைப் பகிர்ந்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். கசிந்த பாட்டு என்று ஆசை காட்டிச் சொந்தப் பாட்டைக் கொடுத்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நடுவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணி, பாட்டு இருக்கட்டும், அந்தப் புடவை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே அதே கேள்வி, அதே கேள்வி. யாரோ பார்டரை மட்டும் படமாக வெட்டி எடுத்துப் பரப்பினார்கள். மதியத்துக்குள் அது ஆரணிக்கே திரும்பி வந்து, புடவை வியாபாரிகளின் வாட்ஸப் குழுக்களில் சுற்றியது.

மாலையில் தேவராஜ் காஞ்சிபுரத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

“மாமா, உங்க வீடியோ நல்லாக்கீதுன்னு கடைக்காரரு சொன்னாரு.”

ஒரு கணம் மகிழ்ந்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், மகிழத்தான் செய்தேன். முழுசாகக் கேட்டாரா என்று விசாரித்தேன்.

“சவுண்ட நிறுத்திட்டு, பார்டரப் பெருசு பண்ணிப் பாத்துகினு இருந்தாரு” என்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமலே கேட்டான். “ஊருக்கெல்லாம் லீக் பண்ணக் கூடாதுன்னு கிளாஸ் எடுத்துகினு இருக்கீங்க. எங்க வூட்டுத் தறி மட்டும் உங்களுக்கு இன்னா பண்ணுச்சு?”

வீடியோவை அவன் கண்முன்னே அழித்தேன். “இனிமே அழிச்சி இன்னாங்க பிரயோஜனம்?” என்று ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

குழுவில், என்னோடு அட்மினாக இருந்த சென்னைப் பல் மருத்துவர் வீடியோ காணாமல் போனதைப் பார்த்துவிட்டு, நான் பணிந்துவிட்டதாக நினைத்து, இனி மன்னிப்புக் கடிதம் மட்டும் போதும் என்று தூது அனுப்பினார். ‘நீக்கியது என் மச்சானுக்காக, உங்களுக்காக அல்ல. கட்டுரை அப்படியே இருக்கும், ஒன்பதாம் பத்தியும் இருக்கும்’ என்று பதில் எழுதினேன். இரவு உணவுக்கு முன் நீக்கப்பட்டேன். என் விதி, என் வாசகம், அவர் கை. அதில் குறை சொல்ல மாட்டேன். பாட்டில் குறை சொன்னதைத்தான் ஏற்க மாட்டேன். இரண்டாம் சரணத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. (கலசப்பாக்கத்துக்காரரின் பாட்டை அந்த வாரமே தேடிக் கேட்டேன். சுமார்தான். ஆனால் கடைசிவரை கேட்டேன்.)

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு தேவராஜோடு காஞ்சிபுரம் போனேன். அவனே டிசைனை வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டான் என்று கடைக்காரர் சந்தேகப்பட்டார். வீடியோ ஏறிய நேரம், படம் வெட்டப்பட்ட நேரம், எந்தக் குழுவுக்கு எப்போது போனது என்று ஒரு தாள் நிறைய எழுதி அவர் முன் வைத்தேன். பொறுமையாகப் படித்தார். மச்சான்மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால், “ஊரே பாத்ததுக்கு அப்புறம் எனக்கு மட்டும்னு எப்பிடி சார் எடுக்கறது?” என்று கேட்டுவிட்டு இரண்டு தறிப் புடவையோடு நிறுத்திக்கொண்டார். மீதி இரண்டு தறிப் புடவையை தேவராஜ் கடை கடையாக ஏறி இறங்கித்தான் விற்றான். கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை. அந்தத் தண்டனை நியாயம்.

அதற்குள் ஊரில் அந்தப் பார்டர் ஓடத் தொடங்கியிருந்தது. பரவிய படத்தின் மூலையில் என் பாட்டின் தலைப்பு பாதி வெட்டுப்பட்டு ‘எட்டு மணி’ என்று மட்டும் நின்றதால், கடைகளில் அதற்கு எட்டு மணி பார்டர் என்றே பெயர் வந்துவிட்டது. எட்டு மணி முகூர்த்தத்துக்குக் கட்டுவது என்று ஒரு கடைக்காரர் என்னிடமே விளக்கம் சொன்னார். நான் திருத்தவில்லை. என் குழுவில் இருந்த யாருடைய பாட்டுக்கும் புடவை இல்லை.

போன மாதம் பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பந்தியில் ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தாள்.

“அதோ பாருங்க, உங்க பாட்டு சாம்பார் வாங்கிகினு நிக்குது.”

தேவராஜ் இலையிலிருந்து தலையைத் தூக்கி, அங்கே நின்ற அம்மாவின் எட்டு மணி பார்டரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்.

“நம்மது இல்ல மாமா. லீக்கானது.”