மூன்று வயரும் ஒரு மடியும்

என் சித்தப்பா மகன் சதீஷைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அசிடிட்டி இல்லை, டாக்டரிடம் காட்டிவிட்டேன். சதீஷ் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போனதும் தானாகச் சரியாகிவிடும்.

பிள்ளைகளே, பொறாமை என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். உங்கள் வீட்டு மிக்ஸியை வேறொருவன் ரிப்பேர் செய்யும்போது, அது ஓடக்கூடாது என்று நீங்கள் சாமியை வேண்டிக்கொண்டால் அதுதான் பொறாமை. மிக்ஸி உங்களுடையது, சட்னி இல்லாமல் இட்லி சாப்பிடப்போவதும் நீங்கள்தான். ஆனாலும் ஓடக்கூடாது.

சதீஷ் என்னைவிட ஆறு வயது சின்னவன். பார்க்க லட்சணமாக இருப்பான் (அதுவே பாதிக் காரணம்). எங்கள் வீட்டு ஃபேன், மோட்டார், டிவி எல்லாம் அவன் தொட்டால் ஓடும், நான் தொட்டால் நிற்கும். தாம்பரத்தில் நான் தண்ணீர் கேன் போடுகிற பழைய வெள்ளை வேன்கூட அப்படித்தான். ஒரு மழைக்காலத்தில் அது இருமி இருமி நின்றபோது அவன்தான் சரிசெய்தான். செய்துகொண்டே, "இப்ப பாருங்கண்ணா..." என்று ஏதோ விளக்கினான். எனக்குச் சொல்லித்தர இவன் யார் என்று நான் எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை கவிதாவின் குழந்தை யாழினிக்குக் காது குத்து. பொத்தேரி பக்கம் ஒரு கோயிலில். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். கவிதாவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அதாவது, அந்த மடி என் மடி. சதீஷுக்கு இல்லாத ஒன்று உலகத்திலேயே எனக்கு இருந்தது என்றால் அது அன்றைக்கு அந்த மடிதான். பட்டு வேட்டியை இஸ்திரி போட்டு, மடிக்கு மட்டும் இரண்டாவது முறை இஸ்திரி போட்டேன்.

கேன்களை இறக்கிவிட்டு வேனில் சீர்த்தட்டுகளை ஏற்றினோம். நான், மனைவி, மகள் நித்யா. பெருங்களத்தூர் தாண்டித் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் வண்டி இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு லேசாக உதற ஆரம்பித்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது (இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்). சும்மா ஓர் உதறல்.

"என்னங்க, இப்படியே மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்," என்றாள் மனைவி.

நித்யா மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சதீஷ் சித்தப்பாவுக்கு போன் போடுப்பா. ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிடுவாரு!"

ஊரப்பாக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

என் வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அதனால் எல்லோரும் இறங்கி, தட்டுகளையும் இறக்கி, சீட்டைத் தூக்கினோம். இன்ஜினுக்குள் பெட்ரோலுக்கு நெருப்பு வைக்கிற தீக்குச்சி மாதிரி ஒரு சாமான் உண்டு, அதுதான் ஸ்பார்க் பிளக். என் வண்டியில் மூன்று. ஓர் உருண்டை மூடியிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் தடியாக ஒரு கருப்பு வயர் போகும். வயர் நனைந்தால் வண்டி உதறும். இதுவரை எனக்கே தெரியும்.

மூன்று வயரையும் மொத்தமாகப் பிடுங்கினேன். துண்டால் துடைத்தேன். நகை மாதிரி பளபளத்தது. பிறகு மூடியைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மாட்டினேன். வரிசை தப்பக்கூடாது என்பதில் நான் கறார்.

சாவியைத் திருப்பினேன்.

டமார்!

புகைக்குழாயில் வெடித்த சத்தத்தில் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் டம்ளரைக் கீழே போட்டார். "இன்னா சார், வண்டில பட்டாசு ஏத்திகினு போறியா?"

மறுபடி திருப்பினேன். மறுபடி டமார். நெருப்பு வருகிறதா பார்ப்போம் என்று ஒரு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். பிள்ளைகளே, இதை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள். நெருப்பு வந்தது. என் வழியாக வந்தது. பின்னால் போய் வெற்றிலைத் தட்டின்மேல் உட்கார்ந்தேன்.

"உயிரோட இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"வயர் நல்லாதான் இருக்கு," என்றேன்.

வயரை மாட்டி, மனைவியை மறுபடி சாவி திருப்பச் சொன்னபோது கவிதா போன் செய்தாள். "எங்கண்ணா இருக்க? காது குத்தற பத்தர் வந்து உட்கார்ந்துட்டாரு. ராகுகாலம் வந்துடும்ங்கறாரு."

"இதோ கோயில் வாசல்ல..."

டமார்.

"அது இன்னா சத்தம்?"

"மேளம்."

"பொய் சொல்லாதண்ணா. நான் வாசல்லதான் நிக்கறேன். நீ வரலேன்னா சதீஷ் மடியில உட்கார வெச்சுடலாம்னு மாமியார் சொல்றாங்க. அவனும் எனக்கு அண்ணன் முறைதானேங்கறாங்க."

உடம்பில் பாய்ந்த கரன்ட்டைவிட இது பலமாக இருந்தது. என் மடி! இரண்டு முறை இஸ்திரி போட்ட மடி!

வெறிபிடித்தவன் போல் வயர்களை இழுத்துத் தள்ளினேன். கை, முகம், வேட்டி எல்லாம் கருப்பு. நித்யாவைக் காணோம் என்று திரும்பினால், ஆட்டோவுக்குப் பின்னால் நின்று போனில், "சீக்கிரம் வாங்க சித்தப்பா, அப்பா வெடிச்சிட்டே இருக்காரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தான். மடியை விட்டுவிட்டு வந்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம்.

குனிந்து பார்த்தான். "அண்ணா, எந்த வயர் எங்க இருந்துச்சு?"

"எல்லாம் வரிசையாத்தான் மாட்டியிருக்கேன்."

"அதாண்ணா தப்பு. இந்த இன்ஜின் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எரியாது. ஒண்ணு, மூணு, ரெண்டு. அன்னிக்கே சொன்னேனே, ஒண்ணைக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டு அப்புறம் அடுத்ததுன்னு."

(எதிர்வீட்டு மாடியில் அன்று மூன்று லுங்கியும் ஒரு போர்வையும் காய்ந்தன. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.)

இரண்டு வயரை இடம் மாற்றினான். ஸ்டார்ட் ஆகாதே, ஆகாதே என்று வேண்டிக்கொண்டேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது. நித்யா கைதட்டினாள். ஆட்டோக்காரரும் தட்டினார்.

கோயிலில் நுழைந்ததும் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய யாழினி என்னைப் பார்த்தாள். கருப்பு முகம், நட்டுக்கொண்டு நின்ற முடி. வீறிட்டுக் கத்தி சதீஷின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கை நீட்டும்போதெல்லாம் சத்தம் ஏறியது.

"மாமன் யாருப்பா? சட்டுனு உட்காருங்க," என்றார் பத்தர்.

"அண்ணன்தான்," என்றான் சதீஷ்.

"நான்தான்," என்றேன் நானும், பத்தர் கேட்டதைவிடச் சத்தமாக.

குழந்தை விடவில்லை. சதீஷும் அவளைப் பிரிக்க முடியாமல் தவித்தான். கவிதா இரண்டு பேரையும் பார்த்தாள். "அண்ணா, நீ கீழ உட்காரு. சதீஷ், நீ அண்ணன் மடியில உட்காரு. பாப்பா உன் மடியில இருக்கட்டும். எல்லாம் கணக்குப்படி அண்ணன் மடிதான்."

எண்பது கிலோ. பத்தர் ஊசியை எடுப்பதற்குள் என் தொடை மரத்துவிட்டது. அவன் சரியாமல் இருக்க இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியது பாப்பாவின் காதில், கத்தியது நான்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் நான் எதையாவது வரிசைப்படுத்தினால் தீர்ந்தது. பந்தியில் இலை போட்டால்கூட யாராவது ஒருவர், "ஒண்ணு, மூணு, ரெண்டுதானே மாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு. அந்தப் போட்டோ அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் விளக்குவாள். "மேல இருக்கறது நான். நடுவுல சதீஷ் மாமா. அடியில புகை வர்றது பெரிய மாமா."

நானும் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவை உற்றுப் பார்க்கிறேன். சதீஷின் வெள்ளைச் சட்டையில் என் பத்து விரலும் கருப்பாகப் பதிந்திருக்கிறது. அப்படியும் அதில் அவன்தான் அழகாக இருக்கிறான்.