கோலி நடுக்கூடத்தில் நிற்கிறது

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். உன் இடுப்பு வலி குறைந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்வருகிறாய் என்று உன் பக்கத்து வீட்டம்மா போனில் சொன்னார்கள். மனம் குளிர்ந்தது. வீடும் சுகம் என்று ஒரு வரி எழுதி உறையை ஒட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வீட்டைப் பற்றி ஒரு வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

போன முறை இனிமேல் இங்கேயே இருந்துவிடுவது என்று நீ பெட்டியோடு வந்ததையும், சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்த உன்னைச் சக்கரம் வைத்த அந்த வாக்கர் தன்போக்கில் வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனதையும் நான் மறக்கவில்லை. "வீடே என்னை வெளிய போன்னு சொல்லுதுடா" என்று கத்தினாய். மறுநாளே கிளம்பிவிட்டாய். கிளம்பும்போது முன்கதவுக்குப் பின்னால் கிடந்த கோலிக்குண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "இது என்னைக்கு நடுக்கூடத்துல உருளாம நிக்குதோ, அன்னைக்குச் சொல்லு, வரேன்" என்றாய். அத்தான் போன பிறகு அந்த வீட்டில் நீ ஒற்றையாகக் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா. அதனால்தான் கொத்தனாரை அழைத்தேன்.

அவர் தரையில் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு, நடுவுக்கு வரவே மாட்டேன் என்றது. "சார், இது தரை இல்ல, சறுக்குமரம்" என்றார். சமையலறைப் பக்கம் மேடு, முன்கதவுப் பக்கம் பள்ளம்; பள்ளத்தில் கலவை போட்டு மேட்டுக்குச் சமமாக உயர்த்த வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ஈரத் தரையில் தெருநாயோ பக்கத்து வீட்டுக்காரரோ கால் வைத்துவிடக் கூடாதே என்று முன்கதவை உள்ளே தாழிட்டு, அங்கிருந்து தொடங்கிப் பின்னாலேயே நகர்ந்து சமையலறை வழியாக வெளியேறச் சொன்னவன் நான். கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தரை காய்ந்ததும் கோலியை வைத்தோம். நின்றது. நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று, மூச்சுக்கூட விடாமல் பார்த்தோம். அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். அத்தான் ஒவ்வொரு முறை வரும்போதும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்த நாற்காலி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சரிவுக்கு ஏற்ப அதன் கால்களை அறுத்துக் கொடுத்தார் அல்லவா? தரை நேராகிவிட்டது, நாற்காலிகள் எல்லாம் கோணல். என் நாற்காலி என்னை முன்பக்கமாகத் தள்ளுகிறது. வருகிறவர்கள், நான் பாதி எழுந்து வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். மிச்சக் கால்களையும் அறுத்துச் சமமாக்கிவிடலாம் என்று இவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அத்தான் கைபட்டதை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்புறம், முன்பெல்லாம் இந்த வீட்டில் எது விழுந்தாலும் உருண்டு போய் முன்கதவுக்குப் பின்னால் காத்திருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். இப்போது இவளுடைய தோட்டின் திருகாணி விழுந்து, இரண்டு கிழங்களும் வீடு முழுக்கத் தவழ்ந்து தேடுகிறோம். "விழுந்தது விழுந்த எடத்துலயே கெடந்தா எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று இவள் என்னைக் கேட்கிறாள்.

இன்னொன்று, முன்கதவு. அது உள்பக்கம் திறக்கிற கதவு. உயர்ந்துவிட்ட தரை அதன் அடியை அணைத்துப் பிடித்துக்கொண்டது. தச்சரைக் கூட்டி வந்தேன். அவர் நிதானமாக டீ குடித்துவிட்டு, "கதவச் சீவணும்னா கழட்டணும். கழட்டணும்னா திறக்கணும். திறக்கணும்னா சீவணும்" என்று சொல்லி டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த இடத்தில் மட்டும் தரையைக் கொத்தலாமா என்றால், "கை வச்சா மொத்தமும் வெடிச்சிரும் சார்" என்கிறார் கொத்தனார். போகட்டும். பின்பக்கப் படி வழியாகப் போய்வருகிறோம், உடம்புக்கும் நல்லது.

ஆகவே, அக்கா, உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இனி எந்தச் சாக்கும் செல்லாது. ஜன்னலோர அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். உடனே புறப்பட்டு வா. உன் உடம்பு தேறி, நீ நெடுங்காலம் எங்களோடு இருந்து எங்களைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

இப்படிக்கு,
உன் ஆசியை என்றும் நாடும் தம்பி.

பின்குறிப்பு: எழுதியதை இவளிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, அண்ணி எப்படி உள்ள வருவாங்க?" என்றாள். முன்கதவு திறக்காது. பின்படி செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நானே முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். உனக்காக இழைத்து இழைத்து ஒரு வீட்டைச் சமப்படுத்தி, அதில் நீ ஒருத்தி மட்டும் நுழைய முடியாதபடி செய்து வைத்திருக்கிறேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. நீ வர வேண்டாம். வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பெட்டியோடு அங்கே வருகிறோம், இருந்துவிடத்தான். உன் வீட்டுத் தரை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கதவை மட்டும் திறந்து வை. கோலியை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். அது நன்றாக நிற்கிறது.