பிடுங்கி வாசித்த எல்லைக் கம்புகள்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் கோணாமலைக்கு,

உன்னிச்சை ஊரில் நீயும் என் தங்கச்சியும் வயல் வட்டையும் மாடுகளும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரர் துணை. இங்கே நானும் உன் அக்கா புஸ்பமும் தோணியும் சுகம். இந்தக் கடிதத்தை வேறு யாரும் எழுதித் தரவில்லை. இந்த வயதில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன் என்றதும் நீ சிரித்தாயே, அதற்கு இதுதான் பதில். காலையில் தொடங்கினேன், இந்த வரிக்கு வருவதற்குள் புஸ்பம் சோறே ஆக்கிவிட்டாள்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் கரைப் பிரதேச சபையும் அக்கரைப் பிரதேச சபையும் சேர்ந்து இங்கே வாவித் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் காட்டைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு பக்கம் காடு, பறவை, மீன்குஞ்சு. மறுபக்கம் பாசிக்குடாவில் உள்ளது போல உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள். நடுவே வாவிக்குள் எல்லைக் கம்புகள். காட்டுப் பக்கத்துத் தோணித்துறைகளுக்குத் தடையில்லை, விடுதிப் பக்கத்துத் துறைகளை மூடிவிடுவார்கள். என் துறை காட்டுப் பக்கம் விழுந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்க உலகத்தில் யாராலும் முடியாது, என்னைத் தவிர.

அந்தக் கம்புகளில் மேலிருந்து கீழாக ஏதோ எழுதியிருந்தது. இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் என் தோணி தானாக நிற்கிறது. ‘இந்தக் கம்பை யாரும்’ என்பது வரை வாசித்தேன். மீதி தண்ணீருக்குள். யாரும் என்ன? பாதியில் விட்டால் நித்திரை வருமா? பிடுங்கினேன். ‘பிடுங்கக் கூடாது’ என்றிருந்தது. ஒரு எழுத்துக்கூட முட்டாமல் வாசித்துவிட்டேன், மச்சான்! அந்தச் சந்தோசத்தில், அடுத்த கம்பில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று அதையும் பிடுங்கினேன். அதேதான். எல்லாவற்றிலும் அதேதான். கடைசிக் கம்பைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். ஆனாலும் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டுமல்லவா? அதுவும் கையோடு வந்தது. யாருடைய வலைக்கம்பு ஆடினாலும் கண்டவன் இறுக்கி நட்டுவிட்டுப் போவதுதான் இந்த வாவியில் எங்கள் வழக்கம். அப்படியே அடிச்சேறு, அதுதான் சுரி, இறுகிய இடமாகப் பார்த்து, எல்லாவற்றையும் வரிசையாக நட்டேன். சுரி இறுகிக் கிடப்பது காட்டுப் பக்கம் என்பதும், நான் நட்ட நடுகையில் என் துறையே விடுதிப் பக்கம் போய்விட்டது என்பதும் இந்த மண்டைக்கு எட்டவில்லை.

போன கிழமை இரண்டு சபைகளின் தலைவர்களான தவிசாளர்மாரும் படகில் பார்க்க வந்தார்கள்.

“காடு சிறுத்துப் போச்சே! உங்கட ஆக்கள்தான் கம்ப நகத்தியிரிக்காங்க,” என்றார் ஒருவர்.

“எங்கட ஆக்களுக்கு வேற வேலையில்லையா? உங்கட ஆக்கள்தான்,” என்றார் மற்றவர்.

ஒப்பந்தமே முறியும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் துறை போகும். திறந்தால் மானம் போகும். துறையைத்தான் நான் தினமும் பயன்படுத்துகிறேன். அதனால் வாயைத் திறந்தேன்.

“ஐயாமார், நான்தான் புடுங்கினன்.”

“என்னத்துக்கு?”

“வாசிக்க.”

அக்கரைச் சபையில் வேலை செய்யும் றுஸ்தி, படகு ஆட ஆடச் சிரித்தான். “புடுங்கக் கூடாதெண்டுதானே அதுல எழுதியிரிக்கு!”

“ஓம் தம்பி. புடுங்கினாத்தானே அது தெரியும்.”

இரண்டு சபைகளும் முதன்முதலாக ஒருமனதாகச் செய்த காரியம் என்னை ஏசியதுதான். ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் தொடர்ந்தார். அத்தோடு அவர்களுக்குள் கோபம் தீர்ந்தது. திரும்ப அளந்து, சீமெந்துக் கம்பு நட்டார்கள். என் துறை மறுபடி காட்டுப் பக்கம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் உன் அக்கா விடவில்லை: “இஞ்சாருங்க, வாசிக்கத் தெரியாத காலத்துல நீங்க ஒரு கம்பையும் புடுங்கல்லயே!”

இனிமேல் நட்டுவைத்த எதையும் தொடுவதில்லை என்று மாமாங்கேஸ்வரர் மேல் சத்தியம் செய்துவிட்டேன். உங்கள் வேளாண்மை நன்றாக விளையட்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. நீ சிரித்தவன், உனக்கு அன்பு மட்டும்.

இப்படிக்கு, சொந்தக் கையால்,
அருமைநாயகம்

பி.கு.: இன்று தோணியில் போகும்போது பார்த்தேன். புதுக் கம்புகளில் எழுதியது றுஸ்தியாம். என் துறைக்கு முன்னால் நிற்பது ‘அருமைநாயகம் ஐயா’ என்று தொடங்குகிறது. என் பெயர், மச்சான்! மீதி தண்ணீருக்குள். உன்னிடம் இருக்கும், பாறையையே நெம்பிக் கிளப்பும் பெரிய அலவாங்கை எடுத்துக்கொண்டு உடனே வா.