என் நடுவர் பதவியில் கை வைக்காதீர்கள்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமியார் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும், நான் வந்தால் மட்டும் சாத்திக்கொள்ளும் உங்கள் படிப்பறைக் கதவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

சிறந்த அறிவியல் ஆய்வக வலைத்தளத்துக்குப் பரிசு தருகிற உங்கள் போட்டியிலிருந்து நான் விலகிக்கொண்டால் நல்லது என்று மகளிடம் சொல்லி அனுப்பினீர்கள். விலக மாட்டேன். நானா கேட்டேன் இந்தப் பதவியை? சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவளிடம், "அத்தை, மூணு நடுவர்ல ஒருத்தர் சயின்ஸே தெரியாதவரா இருக்கணும்னு விதி. உங்களை விட்டா ஆள் கிடைக்காது" என்றது யார்? பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதவியைப் பிடுங்குங்கள்.

மற்ற இரண்டு நடுவர்களும், அதாவது வழுக்கைப் பேராசிரியரும் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட அம்மாளும், என்மேல் சொன்ன கோள் எல்லாம் எனக்குத் தெரியும். முதல் தளத்தைத் திறந்தேன், முறுக்கின ஏணி மாதிரி ஒன்று திரை முழுக்கச் சுற்றியது, கூடவே என் தலையும் சுற்றியது, படுத்து எழுந்து வந்து பார்த்தால் அது இன்னும் சுற்றுகிறது. பூஜ்யம் போட்டேன். "அதுதாம்மா டிஎன்ஏ, அதோட அழகே சுத்துறதுதான்" என்கிறார் வழுக்கை. "அழகு இருக்கட்டும் சார், பாக்கிறவ விழுந்தா யாரு தூக்குவா?" என்றேன். தப்பா? இரண்டாவது தளத்தில் 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று நம்பர் போட்டிருந்தார்கள். வாசல்மணியை அடிக்காமல் ஒரு வீட்டைப் பற்றி மார்க் போட முடியுமா? கூப்பிட்டேன். "பாட்டி, எலி கூண்டை விட்டு ஓடிடுச்சு, அப்புறம் பேசுங்க" என்று ஒரு பெண் அழாத குறையாகச் சொல்கிறாள். முதல் பக்கத்தில் 'எங்கள் விலங்குகள் எப்போதும் கண்காணிப்பில்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது! "பீரோவுக்குப் பின்னாடி பாரும்மா" என்றேன். அங்கேதான் இருந்தது. போனையாவது எடுத்தாளே என்று பாதி மார்க் போட்டேன். நடுவர் போன் பண்ணக் கூடாதாம். எந்த விதியில் இருக்கிறது?

மூன்றாவது தளத்தில் 'பார்வையாளர்களை வரவேற்கிறோம்' என்று இருந்ததால் பஸ் பிடித்து நேரிலேயே போனேன். தலைவர் நாற்காலியில் யார்? நம் மாடியில் குடியிருந்த ஒல்லிப் பையன்! இப்போது தொப்பை வைத்திருக்கிறான். உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், நல்ல மழை நாளில், "வெந்நீர் வைக்கணும்க்கா" என்று என் நீலப் பிடி பிரஷர் குக்கரை வாங்கிப்போய், சாக்கடை மண்ணை வேகவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானே, அவனேதான். அவன் தளத்தில் 'நாங்கள் தொடங்கிய கதை' என்று ஒரு பக்கம். 'எங்கள் பழைய குக்கரில்தான் எல்லாம் ஆரம்பித்தது' என்று எழுதியிருக்கிறான். யார் குக்கர்? மாணவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"அக்கா... உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

"எதுல போட்டதுன்னு சொல்லு, அப்புறம் குடிக்கிறேன்."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவனுக்கும் பூஜ்யம்தான்.

இதை முன்பகை என்கிறார் கண்ணாடி அம்மாள். எனக்கு யார்மேலும் பகை இல்லை, ஞாபகம்தான் இருக்கிறது. பரிசு ஒரு புது மைக்ராஸ்கோப் என்று தெரியும். அவர்கள் இரண்டு பேரும் அவனுக்கே முதலிடம் கொடுத்திருப்பதும் தெரியும். நான் விலகினால் அவன் ஜெயிப்பான், இருந்தால் தோற்பான். ஆகவே இருப்பேன். போட்டது போட்டதுதான்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை மற்ற நடுவர்கள் முன்னால் உரக்கப் படித்துக் காட்டிய பிறகு உங்களுக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்,
நடுவர் (இன்னமும்)

பின்குறிப்பு: இதைக் கண்ணால் மட்டும் படியுங்கள். நேற்று அவன் தளத்தை மறுபடி எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொதிக்கிற தண்ணீரிலும் சாகாத கிருமியைப் பற்றி எழுதியிருக்கிறான். ஒரு வரி விடாமல் எனக்குப் புரிந்தது. அங்கே பிள்ளைகள் ஒரே மைக்ராஸ்கோப் முன்னால், பஸ்ஸுக்கு நிற்பது போல நிற்கிறார்கள். பூஜ்யத்தை அடித்து நூறு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அறிவிக்கிறவரை அவனிடம் மூச்சு விடக் கூடாது. பரிசளிப்பு அன்றைக்கு முதல் வரிசையில், அவன் கண்ணுக்கு நேராக எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள். கடைசி நிமிஷம்வரை வியர்க்கட்டும்.