பின்கண்ணாடியில் இரண்டு பிள்ளைகள்

அன்று காலை காரைச் சுற்றி இருந்தவர்கள்: வண்டிக்குச் சொந்தக்காரன் ஜெயமுருகன், முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகாதவன். அவன் அம்மா லீலா, கையில் மண்ணெண்ணெய்ப் பாட்டில். பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி, கையில் ஒன்றும் இல்லை, வாய் மட்டும். அப்புறம், பின்கண்ணாடியில் லாவண்யா, அஜய்.

கடைசி இரண்டு பேரும் ஸ்டிக்கர்கள். வளைந்த வெள்ளை எழுத்து, ஓரத்தில் ஒரு பட்டாம்பூச்சி. வண்டி வத்தலக்குண்டில் ஒரு பழைய கார்க் கடையில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. பழைய ஓனர் எவனோ தான் பெற்ற பிள்ளைகளின் பெயரை ஊரறிய ஒட்டியிருந்தான். இந்தப் பக்கம் கார் வாங்குகிறவன் செய்கிற முதல் வேலை அதுதான். இன்சூரன்ஸ்கூட அதற்கு அப்புறம்தான்.

இரண்டு மாதமாக அந்தப் பெயர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. பின்சீட்டில் போன பூண்டு மூட்டைகள் எதையும் படிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அய்யம்பாளையத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். அழைத்துவர அவனேதான் போகிறான். கண்ணாடியைப் படித்தார்கள் என்றால் மாப்பிள்ளை இரண்டு பிள்ளைக்கு அப்பன்.

"பழைய வண்டின்னு சொல்லிப்புடு. முடிஞ்சது சோலி" என்றார் சின்னச்சாமி.

"தரகர் பழனிச்சாமி புது வண்டின்னு சொல்லி வச்சிருக்காரு சித்தப்பா."

"எதுக்குலே அப்பிடிச் சொன்னான்?"

"ஒன்றரை ஏக்கர் தோட்டத்த மூணுன்னு சொல்லட்டான்னாரு. வேண்டாம்னேன். அப்ப வண்டியவாச்சும் கூட்டிச் சொல்லணும்ல தம்பின்னாரு."

ஏற்கெனவே பதினோரு வரன் தட்டிப்போயிருந்தது. மேல்மலைக் குளிர் எங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இதுவும் போனால் பதின்மூன்றாவதைத் தேட அவனுக்குத் தெம்பில்லை.

முதலில் நகத்தால் கிள்ளினான். மேல்தாள் உரிந்தது. பசை அப்படியே எழுத்து வடிவில் நின்றது. லீலா மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். பசை இளகி, கண்ணாடி முழுக்கப் பரவியது. அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது. முற்றத்தில் காய்ந்து கிடந்த பூண்டுத்தோல் மொத்தமும் பறந்துவந்து அதில் அப்பிக்கொண்டது. பாதி உரித்துப் போட்ட கோழி மாதிரி இருந்தது கார்.

"பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளக் கொண்டா மதினி" என்றார் சின்னச்சாமி.

"கீறிப்புடாதா?"

"பட்டும் படாமத் தேய்க்கணும்."

பட்டுவிட்டது. பூனை பிராண்டியது போல நடுவில் மூன்று கோடுகள்.

கடைசியில் தேங்காயெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவினான். அதை முதலிலேயே செய்திருக்கலாம். எவனும் முதலில் செய்வதில்லை. எட்டு மணிக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஓர் எழுத்து இல்லை.

"வெரசாக் கெளம்புய்யா" என்றாள் லீலா. "அந்த மூணு கோட்டையும் மறைச்சு நின்னுக்க."

அய்யம்பாளையத்தில் நல்ல வெயில். பெண்ணின் அப்பா சேனாதிபதி தேங்காய் வியாபாரி. மீசையும் வேட்டியும் ஒரே விறைப்பு. வீட்டிலிருந்து கம்பீரமாக இறங்கி வந்தவர் காரைப் பார்த்ததும் இருமினார். நம்பர் பிளேட் வரை போனார். மறுபடி இருமினார்.

"பேசாம நாம பஸ்ல போயிருவமா?"

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? வாசல்ல புதுக் காரு நிக்கிது, பஸ்ஸாம்ல!" என்றாள் அவர் மனைவி மகாதேவி. "ஏறு தமிழு."

மகள் தமிழ்மதியும் வந்தாள். வாழப்போகிறவள் அவள்தானே, அவளும் வீட்டைப் பார்க்கட்டும் என்பது மகாதேவியின் கட்சி. அம்மாவும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். சேனாதிபதி முன்னால்.

கோடுகளைத்தான் மனுஷன் பார்த்துவிட்டார் என்று ஜெயமுருகன் அவசரமாக வண்டியைக் கிளப்பினான்.

மலை ஏறி எட்டாவது வளைவில் தமிழ்மதிக்குக் குமட்டியது. ஜன்னலை இறக்கப் பொத்தானை அழுத்தினாள். இறங்கவில்லை. அந்த ஜன்னல் இரண்டு மாதமாக ஜெயமுருகனுக்கும் இறங்கியதில்லை.

"பொத்தானுக்குக் கீழ கதவுல ஒரு அறை விடும்மா" என்றார் சேனாதிபதி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அறைந்தாள். கண்ணாடி சரசரவென்று இறங்கியது.

"எப்பிடி மாமா?"

"எல்லா வண்டியும் ஒண்ணுதான் தம்பி. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

விவரமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டான்.

பெருமாள்மலை நெருங்கும்போது பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. பின்னால் வண்டி வருகிறதா என்று மேல்கண்ணாடியைப் பார்த்தான். வண்டி இல்லை. லாவண்யா, அஜய் இருந்தார்கள். பசை இருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பனி பிடித்திருந்தது. பட்டாம்பூச்சிகூடத் திரும்பி வந்திருந்தது.

"ஒரு டீ சாப்ட்டுப் போவோம்" என்று முதலில் தென்பட்ட கடையருகே நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினான். அவனுக்கு முன்னால் சேனாதிபதி அங்கே நின்று, தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மாமா..."

"மருமகனுக்கு ஒத்தாச பண்ணக்கூடாதா?"

இருவரும் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கப் போனது. எண்ணி ஐந்து விநாடியில் திரும்பி வந்தது.

"பொகையில தேச்சா பனி பிடிக்காது" என்று மடியிலிருந்து ஒரு துண்டுப் புகையிலையை எடுத்து நனைத்துத் தேய்த்தார் சேனாதிபதி. கண்ணாடி முழுக்கப் பழுப்பானது. எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை. இப்போது பெயர்களைச் சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே படிக்கலாம்.

மகாதேவி இறங்கி வந்து படித்தாள்.

"யாரு லாவண்யா? யாரு அஜய்?"

ஜெயமுருகன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். "பழைய ஓனரோட பிள்ளைங்க அத்தை. இது செகண்ட்ஹேண்டு வண்டி. புதுசுன்னு சொன்னது தரகரு. நானும் மறுத்துச் சொல்லல. தப்புதான்."

"வண்டி செகண்ட்ஹேண்டா, மாப்பிள செகண்ட்ஹேண்டா?"

பின்சீட்டில் தமிழ்மதி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சத்தியமா எனக்குப் பிள்ளைகுட்டி கெடையாது அத்தை."

"அப்ப வண்டிப் புக்க எடுங்க. பழைய ஓனரு யாருன்னு நா பாக்கணும்."

"புக்கு எதுக்குடி!" சேனாதிபதி குறுக்கே பாய்ந்தார். "மூஞ்சியப் பாத்தாத் தெரியல? சொக்கத் தங்கம். நா நம்புறேன். பேச்ச விடு, வண்டில ஏறு."

ஜெயமுருகனுக்குக் கண் கலங்கியது. பதினோரு வரனிலும் இப்படி ஒரு மாமனார் வாய்த்ததில்லை.

கடைக்காரி இருளாயி நாலு டீயோடு வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். சேனாதிபதியைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாங்கண்ணே! ரெண்டு மாசமா வண்டியவே இந்தப் பக்கம் காணோமேன்னு பாத்தேன். எங்க உங்க லாவண்யாவும் அஜயும்? அவங்க அம்மாகிட்டயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

மகாதேவி ஒரு டீயை வாங்கி நின்ற வாக்கில் குடித்து முடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டிய எடுங்க மாப்பிள. உங்க வீட்டப் பாப்போம்."

பதினோரு வரனும் சேர்ந்து நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் ஜெயமுருகனுக்கு ஒரே மூச்சில் இறங்கியது. ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மகாதேவி முன்சீட்டில் ஏறினாள். பழுப்புத் துண்டோடு சேனாதிபதி மஞ்சுக்குள் நிற்க, கதவை அறைந்து சாத்திப் பூட்டை அழுத்தினாள். அது ஒரே அழுத்தில் விழுந்தது.