பரிசத்தைத் தள்ளிப்போட வைத்த நான்கு வெற்றிகள்

மணியம் அண்ணன் பொய் சொன்னார். தெரிந்தே சொன்னார். கோலாலம்பூர் பக்கம் எங்கள் சுங்கை வே கூடைப்பந்து டீமுக்கு மேனேஜர் அவர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அவர் பேச்சை நம்பியதால்தான் என் கல்யாணம் நின்றது. (நம்பியவன் முட்டாள் என்பதும் உண்மை. அதையும் நானே சொல்கிறேன்.)

ஏழெட்டு வருடம் ஆகிறது. எங்கள் வட்டார லீக்கில் எட்டு டீம். ஏழு சீன டீம், ஒன்று நாங்கள். வருடா வருடம் நாங்கள் எட்டாவது. ஒரே ஒரு முறை ஏழாவது வந்தோம். அந்த வருடம் ஒரு டீம் பாதியில் விலகிவிட்டது. அப்படிப்பட்ட நாங்கள், நான் சொல்லவந்த வருடம் முதல் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தோம். பதினைந்தே நாளில்.

நான் ஆட்டக்காரன் இல்லை. உறுமி அடிப்பவன். பத்துமலையில் காவடிக்கு அடித்த அதே உறுமியை கோர்ட் ஓரத்தில் நின்று அடிப்பேன். நாங்கள் ஜெயிப்பதே அந்தச் சத்தத்தால்தான் என்று மனதார நம்பினேன்.

எதிர் டீம்கள் சரியாக ஐந்து பேரோடு வந்தன. மாற்று ஆள் கிடையாது. ஒரு டீமில் முழங்காலில் பட்டை கட்டிய அங்கிள் ஒருவர் ஆடினார். மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில் எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கு இரண்டு மண்டரின் ஆரஞ்சு கொடுத்தார்கள். பயந்துபோய் லஞ்சம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அது சீனப் புத்தாண்டு நேரம், ஆரஞ்சு கொடுப்பது அவர்கள் வழக்கம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த நேரத்தில் ஈப்போ, பினாங்கு என்று எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், கோலாலம்பூர் சாலையே காலியாகக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப் போனவர்களில் எதிர் டீம் ஆட்டக்காரர்களும் இருப்பார்கள் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

என்னோடு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆ கியோங் எச்சரித்தான். சீனன்தான், ஆனால் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவன், தமிழ் சரளமாகப் பேசுவான்.

"டேய், எல்லாரும் ஊருக்குப் போயிட்டான்லா. சீனப் பெருநாள் பதினஞ்சு நாள் முடியட்டும், அப்புறம் பாரு."

"உனக்கு வயித்தெரிச்சல்டா," என்றேன்.

நான்காவது வெற்றி அன்று மணியம் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றார். "ஃபைனல் ஞாயித்துக்கெழமய எல்லாரும் ஃப்ரீயா வெச்சுக்குங்க! எவனும் வேற வேல வெக்கக்கூடாது. இந்தத் தடவ கப்பு நம்மளுதுலா!"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பரிசம்.

பெண் பெயர் தீபா. கிள்ளானில் ஒரு கிளினிக்கில் வேலை. என்னைக் கட்டிக்கொள்வதற்காக மூன்று வருடம் அப்பாவோடு மல்லுக்கட்டி ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தாள். நாள் குறித்தாகிவிட்டது. மண்டபம் சொல்லியாகிவிட்டது. நான் அன்று மாலையே கிள்ளானுக்குப் போய் அவள் அப்பா முன்னால் உட்கார்ந்தேன்.

"மாமா, பரிசத்த ரெண்டு வாரம் தள்ளிப் போடலாமா?"

"ஏன், வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல மாமா. அன்னிக்கு ஃபைனல்."

"நீ ஆடுறியா?"

"இல்ல மாமா. உறுமி அடிக்கிறேன்."

"சரி, ஃபைனலுக்கு ஒங்க டீம் வரலன்னா?"

"வரலன்னா நான் பொண்ணே கேக்க மாட்டேன் மாமா," என்றேன். சமையலறையில் ஒரு தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

அடுத்த ஆட்டத்துக்கு அவரே வந்தார். டீமைப் பார்க்க வேண்டுமாம். தீபாவும் வந்தாள். பெருநாள் முடிந்திருந்தது. முன்பே ஒரு முறை நாங்கள் ஜெயித்திருந்த டீமின் வேன் வந்து நின்றது. ஆள் இறங்கினான், இறங்கினான், இறங்கிக்கொண்டே இருந்தான். பதினான்கு பேர். கடைசியாக இறங்கியவன் கோர்ட் கதவில் தலை குனிந்துதான் உள்ளே நுழைந்தான். முழங்கால் பட்டை அங்கிள் இந்த முறை தண்ணீர் போத்தல் தூக்கிக்கொண்டு வந்தார்.

இடைவேளையில் அவர்கள் ஐம்பத்திரண்டு, நாங்கள் ஒன்பது. நான் அப்போதும் உறுமியை நிறுத்தவில்லை. தீபாவின் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும் தம்பி. சாவு வீடு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தீபா மறுநாள் போன் செய்தாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல. வெக்கமா இருக்கு. மூணு வருஷமா ஒங்களப் பத்தி எங்கப்பாகிட்ட நான் என்னென்னமோ சொல்லி வெச்சிருந்தேன். நீங்க அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தயும் பொய்யாக்கிட்டீங்க."

மிச்ச ஆட்டங்களிலும் தோற்றோம். ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஃபைனலும் இல்லை, பரிசமும் இல்லை. வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்த மோட்டார் சைக்கிள். அடுத்த வருடம் தீபாவுக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு இன்றுவரை ஆகவில்லை. யாராவது வரன் கொண்டுவந்தால் அம்மா என்னிடம் முதலில் சொல்வது இதுதான்: "அன்னிக்கு மேட்ச்சு ஏதும் இருக்கான்னு பாத்துக்க." வந்தவர்கள் புரியாமல் விழிப்பார்கள், அக்கா கதையை ஆரம்பிப்பாள், வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

இவ்வளவு நாள் முழுத் தப்பும் என்னுடையது என்றுதான் இருந்தேன். ஃபைனல் அன்று மணியம் அண்ணன் ஊரில் இல்லை. குடும்பத்தோடு திருச்சியில் இருந்தார். மனசு ஒடிந்து போய்விட்டார் என்று நாங்கள் எல்லோரும் பரிதாபப்பட்டோம். போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் விமான டிக்கெட் போட்டுத் தரும் சரசு அக்காவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன்.

"மனசு ஒடிஞ்சாரா? யாரு, மணியமா?" அக்கா சிரித்தார். "பேரனுக்குக் கொலதெய்வம் கோயில்ல முடி எடுக்கணும்னு பொங்கலுக்கு முன்னயே என்கிட்டதான டிக்கெட் போட்டாரு!"

பொங்கலுக்கு முன்பு. அதாவது லீக்கின் முதல் ஆட்டமே ஆடாதபோது. பெருநாள் நேரத்தில் ஆட நாங்கள் தயார் என்று லீக்குக்கு எழுதிக் கொடுத்ததும் இவரேதான்.

அண்ணே, இந்த மாதக் கடைசியில் டீமின் ஆண்டுக் கூட்டம். நீங்கள் மேடையில் இருப்பீர்கள், நான் மைக்கில் கேட்பேன். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட வேண்டாம். தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: நாற்காலி மேல் ஏறி எங்களை ஃப்ரீயாக இருக்கச் சொன்னீர்களே, அப்போதே, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திருச்சியில் இருப்பீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?