மக்தப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்க வேண்டி மச்சானுக்கு

போடிநாயக்கனூர்
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

கண்ணியத்துக்குரிய மச்சான் ஷேக் உதுமான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் ஹபீப் ரஹ்மான் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தங்கையின் முழங்கால் வலி மட்டும் மழைக்காலம் முடியும்வரை கூடவே இருக்கும் போலிருக்கிறது. கம்பத்தில் மகள் வீட்டில் தாங்கள் நல்லபடியாக ஓய்வெடுத்துத் திரும்ப துஆச் செய்கிறேன்.

நிற்க. ரமலான் முடிந்து நடந்த ஜமாத் கூட்டத்தில் தாங்கள் எழுந்து, "முப்பத்தொரு வருஷம் ஏலக்காய் தரம் பிரிச்ச மனுஷன், இவர்தான் சரி" என்று சொல்லி, நம் பள்ளிவாசல் மக்தபுக்கு என்னை மேற்பார்வையாளராக ஆக்கிவிட்டீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓதுகிற இடம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். இத்துடன் என் ராஜினாமாக் கடிதத்தைத் தனி உறையில் ஒட்டி இணைத்திருக்கிறேன். ஜமாத் செயலாளர் என்ற முறையில் தாங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் பொறுப்பேற்ற அன்று பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர், வந்தது பத்தொன்பது பேர். மற்றவர்கள் டியூஷனிலோ, செல்போனிலோ. நம்ம சஜ்ஜாத் ஹஜ்ரத் இருபத்தாறு வயசுப் பையன், அஞ்சு வயசுப் பிள்ளையிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் ஒரே ஹாலில் ஒத்தை ஆளாக ஓதிக்கொடுக்கிறார், கையில் பிரம்பு. முதல் நாளே, "ஹஜ்ரத், இந்தப் பிரம்பு இனிமே வேண்டாம்" என்றேன். அவர், "எனக்கு ஓதிக்கொடுத்தவங்க அடிச்சுத்தான் கொடுத்தாங்க. வேற வழி யாரும் காட்டல. முயற்சி பண்றேன்" என்று சொல்லி அதைப் பரணில் போட்டார். இன்றுவரை எடுக்கவில்லை. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம் மச்சான். நிறுத்தல.

வருகையைச் சீராக்குறேன்னு விரல் வைக்கிற மெஷின் ஒண்ணு மாட்டினேன். பிள்ளைக விரல்ல மை, மருதாணி, முறுக்கு எண்ணெய். எந்த விரலை வச்சாலும் அது ஒரு பொம்பளைக் குரல்ல "ப்ளீஸ் ட்ரை அகைன்"னு சொல்லும். ஒரு வாரத்துல என்னாச்சுன்னா, ஓதும்போது எவனாவது ஒரு எழுத்தைத் தப்பா உச்சரிச்சா ஹாலே சேர்ந்து "ப்ளீஸ் ட்ரை அகைன்"னு ராகம் போட ஆரம்பிச்சிருச்சு. ஹஜ்ரத்து குனிஞ்சு தாடியை நீவிக்கிட்டே சிரிப்பை அடக்குறார். மெஷினைக் கழட்டிட்டேன். அடுத்து பெற்றோர் கூட்டம். "நம் தெருப் பெற்றோர்கள் அனைவரும் வரவும்"னு மைக்குல சொல்லச் சொன்னேன். வந்தது ஒரே ஆள், எதுத்த டீக்கடை ஜேசுதாஸ். அவரும் தெருவுல ஒரு பெற்றோர்தானே, ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்துட்டார். வந்தவர் சும்மா போகல. "அண்ணே, பிள்ளைக ஓதுறது தினமும் கடை வரைக்கும் கேக்குது, கேக்க நல்லாவும் இருக்கு. அதுல என்ன சொல்றாங்க?"ன்னு கேட்டார். குர்ஆனோட முதல் சூரா ஃபாத்திஹாவை ஒரே மூச்சுல ஓதுற பையனை எழுப்பி, அர்த்தம் சொல்லுப்பான்னேன். அவன் இன்னொரு தடவை ஓதினான். அர்த்தம்டான்னேன். அவன் என்னைப் பாத்தான். நான் ஹஜ்ரத்தைப் பாத்தேன். இத்தனை வருஷம் அஞ்சு வேளையும் ஓதுற சூரா மச்சான், பாதிக்கு மேல எனக்கே தமிழ்ல சொல்லத் தெரியல. "எங்களை நேரான வழியில் நடத்துவாயாக"ன்னு ஹஜ்ரத்துதான் எடுத்துச் சொன்னார். "நல்ல வார்த்தையா இருக்கே, இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லலாமே அண்ணே"ன்னு சொல்லிட்டு, பால் பொங்கிரும்னு ஜேசுதாஸ் கிளம்பிட்டார்.

அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரல. எல்லாரையும் கலந்து உக்கார வச்சதுதான் கோளாறுன்னு முடிவு பண்ணி, பரீட்சை வச்சு, சலிச்சு, முதல் தரம், ரெண்டாந்தரம், மூணாந்தரம்னு அட்டை எழுதி மூணு மூலையில ஒட்டினேன். வகுப்பு அஞ்சு மணிக்கு, அஞ்சு பத்துக்கு மேல வர்ற பிள்ளைக்குக் கதவு கிடையாது, முதல் பாடம் முடியிற வரைக்கும் வெளியதான் நிக்கணும்னு சட்டம் வேற. சுல்தானான்னு ஒரு பிள்ளை, ஆறாம் வகுப்பு படிக்குது. தினமும் இருபது நிமிஷம் தாமதம். பரீட்சையில எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியலன்னு மூணாந்தரத்துல போட்டேன். அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவுல முழங்காலை மடக்கிக்கிட்டு நாலு நாள் உக்காந்துச்சு. அஞ்சாம் நாள்ல இருந்து வரல.

ரெண்டு வாரம் கழிச்சு வீட்டைத் தேடிப் போனேன். தகப்பன் இல்லை. தாய் ரூபினா விடியக்காலை ஜீப்புல போடிமெட்டுக்கு மேல ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போனா, பொழுது சாயத்தான் திரும்புது. பிள்ளை இடுப்புல தம்பியை வச்சுக்கிட்டு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"ஏன் பாப்பா ஓத வரல?"

"சும்மாதான் நன்னா."

எல்லாப் பிள்ளைகளும் என்னைத் தாத்தா முறை வச்சு நன்னான்னுதான் கூப்பிடும். "யாராச்சும் ஏசுனாங்களா?"ன்னேன். இல்லைன்னு தலையாட்டிட்டு, அரிசியைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு:

"எங்கம்மா காய் பொறுக்குறாங்கல்ல நன்னா, மூணாந்தரம்னு ஒதுக்கிட்டா அப்புறம் அதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களாம். நான் எதுக்கு வரணும்?"

வாசல்லயே நின்னுட்டேன். முப்பத்தொரு வருஷம் தரம் பிரிச்சிருக்கேன் மச்சான். ஏலக்காய் ஒரு நாளும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

சரி, உனக்குத் தெரிஞ்சதை ஓதும்மான்னேன். எட்டு சூரா ஓதுச்சு, ஒரு எழுத்து பிசகல. எல்லாம் காதால கேட்டுப் பிடிச்சது. வாசிப்பு மட்டும் ஏன் வரலன்னு நின்ன இடத்துல யோசிச்சேன். எழுத்துப் பாடம் நடக்குறது முதல் அரை மணி நேரம். அந்த நேரத்துல இது பால்வாடியில இருந்து தம்பியைக் கூட்டிட்டு வந்து, பக்கத்து வீட்டுல விட்டுட்டு, ஓடி வந்துக்கிட்டு இருக்கு. வந்தா கதவைச் சாத்தி வச்சிருக்கேன். நான் சாத்துன கதவுக்கு வெளியவே நிக்க வச்சிட்டு, உனக்கு எழுத்துத் தெரியலன்னு அட்டையும் எழுதி ஒட்டியிருக்கேன்.

"தப்பு என்னுது பாப்பா. மன்னிச்சுக்கோ"ன்னேன்.

"சரி நன்னா. உலை கொதிக்குது, நான் போகணும்"னு உள்ள போயிருச்சு.

ஹஜ்ரத்துக்கிட்ட வந்து சொன்னேன். அவர் கோபப்படல. மெதுவாச் சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னு நான் அடிக்கிறதை நிறுத்துனேன். அந்த அட்டை பிரம்பை விட வலிக்கும்னு உங்ககிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு."

அன்னைக்கே அட்டைகளைக் கிழிச்சோம். கதவு இப்ப திறந்தே கிடக்கு. எழுத்துப் பாடத்தைக் கடைசி அரை மணிக்கு மாத்தி, ஓதுன சூராவுக்கு அர்த்தமும் தமிழ்ல சொல்றார் ஹஜ்ரத். போன வாரம் திங்கக்கிழமை சுல்தானா தம்பியோட வந்துச்சு; அவன் பாதிச் சாக்பீஸைத் தின்னுட்டான். ஆனாலும் மச்சான், ஒரு பிள்ளை மனசை உடைச்ச பிறகுதான் கத்துக்கிற ஆளு இந்தப் பொறுப்புல இருக்கக் கூடாது. விலகிடவான்னு உங்க தங்கச்சிகிட்டக் கேட்டேன், "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்"னு முடிச்சிட்டா. ஆகவே தாங்கள் கம்பத்திலிருந்து திரும்பியதும் தகுதியான ஒருவரை நியமித்து, என் மனச்சுமையை இறக்கிவைக்க வேண்டுகிறேன்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஸலாம். பேரப்பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் பயனுள்ள கல்வியும் கிடைக்க அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.

தங்கள்
ஹபீப் ரஹ்மான்

பி.கு: வியாழக்கிழமை காலை எழுதுறேன். நேத்தே தபாலுக்குக் கொண்டுபோக இருந்தேன், மக்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னாடி பள்ளிவாசல் வாசல்ல எஸ்டேட் ஜீப்பு வந்து நின்னுச்சு. ரூபினாவும் கூட ஆறு பொம்பளைகளும் இறங்குனாங்க. வையப்போறாங்கன்னு நினைச்சேன். ரூபினா முந்தானையைத் தலையில இழுத்துவிட்டு, "மாமு, எம்பிள்ளை ராத்திரிச் சோத்துக்கு உக்காரும்போது சூராவுக்கு அர்த்தம் சொல்லுது. எங்களுக்குச் சின்ன வயசுல யாரும் சொல்லித்தரல. ஞாயித்துக்கிழமை எங்களுக்கும் ஒரு வகுப்பு வைப்பீங்களா?"ன்னு கேட்டுச்சு. ஹஜ்ரத்தோட வீட்டம்மா ஓதிக்கொடுக்கச் சம்மதிச்சிட்டாங்க. ரூபினா போகும்போது திரும்பி வந்து இன்னொண்ணு சொல்லுச்சு: "எஸ்டேட்டுல எங்களுக்கு நம்பர்தான் மாமு. இங்க பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க." புதுப் பதிவேடு ஒண்ணு போட்டு ஏழு பேரையும் என் கையால எழுதியிருக்கேன். ராஜினாமாவைப் பிரிக்காமக் கிழிச்சிருங்க மச்சான். எனக்குச் சோலி கிடக்கு.